சிவப்பா, பச்சையா?

"பந்து எங்கேய்யா?" என்று வாசலிலிருந்தே கத்தினார் மேனேஜரம்மா.

"மைதானத்துலதான் இருக்கும் மேடம்."

"அதில்லய்யா, குலுக்கல் பந்து! சிவப்புச் சட்டை டீமும் பச்சைச் சட்டை டீமும் புள்ளியில சமம், கோல்ல சமம், வாங்கின மஞ்சள் கார்டுகூட சமம். கால் இறுதிக்கு யாருன்னு குலுக்கித்தான் எடுக்கணும். குலுக்கி எடுக்க விழாக் கமிட்டித் தலைவர் கிளம்பிட்டார்!"

பல நாட்டு விளையாட்டு விழா அது. அதில் ஆண்கள் கால்பந்துக்கென்று போட்ட அலுவலகத்தில் நம் ஆள் தற்காலிக உதவியாளர். விவகாரம் குலுக்கல்வரை போகும் என்று யார் கண்டது? விழா ஒழுங்காக முடிந்தால் வேலை நிரந்தரம். சொதப்பினால் மாமனார் வாயில் விழுந்து எழ வேண்டும். அந்த வாய்க்கு ஓய்வே கிடையாது.

நம் ஆள் டேபிள் டென்னிஸ் அரங்குக்கு ஓடி, கெஞ்சிக் கூத்தாடி இரண்டு வெள்ளைப் பந்துகளை வாங்கி வந்தார். போர்டு எழுதும் பெயின்டரிடம் டப்பாக்களை இரவல் கேட்டு, ஒன்றுக்குச் சிவப்பும் மற்றதற்குப் பச்சையும் பூசினார். பாழாய்ப்போன பெயின்ட் காயவே இல்லை.

ஹேர் டிரையரைப் பிடித்தார். பந்துகள் இரண்டும் பறந்துபோய் பீரோவுக்கு அடியில் கட்டிப் புரண்டன. வெளியே எடுத்தபோது இரண்டிலும் இரண்டு நிறமும் இருந்தன. டர்பன்டைனில் துணியை நனைத்துத் துடைத்தார். இப்போது இரண்டும் ஒரே சேற்று நிறம்!

"மேடம், ஒரு சின்ன..."

"பையில போடுய்யா! தலைவர் வந்தாச்சு!"

அறை முழுக்கக் கேமராக்கள். இரண்டு பயிற்சியாளர்களும் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் பைக்குள் கைவிட்டு ஒரு பந்தை எடுத்து, பொத்திய கைக்குள்ளேயே பார்த்தார். நம் ஆள் மெல்லக் கதவுப் பக்கம் நகர்ந்தார். போச்சு, எல்லாம் போச்சு!

"சிவப்பு!" என்று கணீரென்று அறிவித்துவிட்டு, பந்தைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார் தலைவர்.

சிவப்புச் சட்டைக்காரர்கள் குதித்தார்கள். பச்சைச் சட்டைப் பயிற்சியாளர் வாடிய முகத்தோடு கைகொடுத்தார். மேனேஜரம்மா முதல்முறையாக நம் ஆளைப் பார்த்துச் சிரித்தார்.

நம் ஆளுக்குக் கண் கலங்கிவிட்டது. நன்றி சொல்லாமல் மனசு ஆறவில்லை. வெளியே ஓடினார். தலைவர் இன்னும் வரவில்லை, கார் பக்கத்தில் டிரைவர் மட்டும் நின்றிருந்தார்.

"அண்ணே, உங்க ஐயா தெய்வம்ணே! ரெண்டு பந்தும் ஒரே கலர்ல கெட்டுப்போச்சு. அவர் பார்த்துட்டும் மூச்சு விடல. என் பொழப்பைக் காப்பாத்திட்டார்."

டிரைவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அட, நீங்க வேற! சிவப்புக்கும் பச்சைக்கும் அவருக்கு வித்தியாசமே தெரியாது சார். சிக்னலுக்குப் பயந்துதானே என்னை வேலைக்கு வச்சிருக்கார்!"