கல்யாணப் போர்வையில் செத்த புறாக்கள்

மார்த்தாண்டத்திலிருந்து தக்கலை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டுவிடுவார்களோ என்று காதை முதுகில் வைத்துக்கொண்டு நடக்கிற நடை. எனக்கு அது பழகிய நடைதான். நாலாம் வகுப்பில் பெஞ்சை விட்டு ஓடியவன், பிறகு திருவட்டாற்றில் ஒரு காப்பிக் கடை ஆட்டுக்கல்லை விட்டு ஓடினேன். குளச்சலில் மீன்பிடி வள்ளத்துக்குப் பாய் தைக்கும் கொட்டகையை விட்டு ஓடினேன். பசிக்கும் அடிக்கும் ஓடியிருக்கிறேன். புறாக்களுக்குப் பயந்து ஓடியது அன்று ஒரு நாள்தான். அதுவும் துணிப் புறாக்கள்.

நடந்தது இது. மார்த்தாண்டத்துக்கு வெளியே ஒரு வீட்டு இறவாணத்தில் மழைக்கு ஒதுங்கினேன். உள்ளே தாயும் மகளும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். தாய் சாறாள் அக்கா. (அன்று அக்கா என்று கூப்பிட்டவரைப் பிற்பாடு மாமி என்று கூப்பிட நேர்ந்தது. அதற்கும் புறாக்கள்தான் காரணம்.) மகள் எஸ்தர். மிஷன் பங்களா வெள்ளைக்கார மதாம்மாவிடம் ஒட்டுத்துணிப் போர்வை தைக்கக் கற்றவள். ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்துக்குப் போர்வை தைத்துத் தர ஏற்றிருந்தாள். நம் ஊர் வெயிலுக்குப் பஞ்சு வைத்த போர்வை எதற்கு என்று கேட்பீர்கள். மாப்பிள்ளைக்கு மலைமேல் தேயிலைத் தோட்டத்தில் வேலை.

போர்வை நன்றாக அமைந்தால், சந்தை ரோட்டில் தங்களுக்கு இருக்கும் ஓர் அறையை எஸ்தருக்குத் தையல் பள்ளி நடத்த விட்டுத்தருவதாகக் கல்யாண வீட்டம்மா வாக்களித்திருந்தார். எஸ்தர் ராத்தூக்கம் இல்லாமல் அந்த அறைக்குக் கதவு, ஜன்னல், பெஞ்சு எல்லாம் மனத்துக்குள் போட்டு முடித்திருந்தாள். ஆனால் அவளோடு எப்போதும் பக்கத்தில் இருந்து தைக்கும் அக்காள் கல்யாணமாகிப் போய்விட்டாள். ஒரு கைக்கு ஆகிற வேலை இல்லை. சண்டை அதைப் பற்றித்தான்.

நனைந்துகொண்டிருந்த நான் தலையை நீட்டி, "எனக்கு ஊசி பிடிக்கத் தெரியும்" என்றேன். (தெரிந்தது கோணி ஊசி.)

"எங்க படிச்சீரு?" என்றாள் எஸ்தர்.

"குளச்சல்ல. பாய் தைச்சேன்."

"அம்மா, இவரு தைச்சா மாப்பிள்ளையும் பெண்ணும் போர்வையோட கடலுக்குப் போயிருவாவ."

ஆனால் வேறு ஆள் கிடைக்கவில்லை. இரண்டு மூங்கில் கழிகளுக்கு இடையில் துணியை இழுத்துக் கட்டியிருந்தார்கள். நான் எஸ்தர் இருந்த பக்கம் போய் உட்காரப் போனேன்.

"ஏலே!" என்று அலறினார் சாறாள் அக்கா. "எங்க போற? வயசுப் பிள்ள பக்கத்திலயா இருக்கப்போற? அந்தப் பக்கம் இரி!"

எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தேன். அந்த நொடியில் விதி தீர்மானமாகிவிட்டது.

முதல் நாள் என் தையல் ஒவ்வொன்றும் ஒரு நெல் நீளம் இருந்தது. எஸ்தர் பிரித்துப் போட்டாள். இரண்டாம் நாளும் பிரித்தாள். அதன் பிறகு எனக்குள் என்னவோ அடங்கியது. மேலே வலது கை ஊசியை இறக்கும். துணிக்கு அடியில் இடது விரல் அதன் முனைக்காகக் காத்திருக்கும். முனை தொட்டதும் விரல் அதை மெல்ல மேலே தள்ளிவிடும். துணி, பஞ்சு, துணி என்று மூன்றையும் ஊசி கடக்கும்போது காதுக்குக் கேட்காத ஒரு சத்தம் விரலுக்குக் கேட்கும். அவசரப்பட்டால் குத்தும். அவசரப்படாவிட்டால் மழை, மரச்சீனிக் கிழங்கு வேகிற மணம், எதிரே வளையல் சத்தம் எல்லாம் நூலோடு சேர்ந்து உள்ளே போய்வரும். அதுவரை எந்த ஊரிலும் ஒரு வாரம் தாண்டினால் என் கால் அரிக்கத் தொடங்கும். அங்கே அரிக்கவில்லை.

வெள்ளைத் துணியில் புறா வெட்டி, ஓரத்தை ஊசி நுனியால் உள்ளே மடித்து மடித்துத் தைக்க வேண்டும். அவள் பக்கத்துப் பாதியில் அவள் புறாக்கள், என் பக்கத்துப் பாதியில் என் புறாக்கள். நான் கூடுதலாகச் சிவப்பு நூலில் கால்களும் போட்டேன். அதைப் பார்த்து அவளும் போட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதாவது, உண்மையாகவே புரியவில்லை. எதிரே அவளுடைய புறாக்கள் எனக்குத் தலைகீழாகத்தான் தெரிந்தன. எதிரில் இருப்பவர் தைப்பது அப்படித்தானே தெரியும் என்று நினைத்தேன். என்னுடையவை அவளுக்குத் தலைகீழாகத் தெரிந்தன. அவளும் அப்படியே நினைத்தாள். சுற்றிலும் நீலக் கரை வைத்து முடித்ததும், தூசி படக்கூடாது என்று சாறாள் அக்கா கழியிலிருந்து அவிழ்த்த கையோடு மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டார்.

கல்யாணத்துக்குச் சில நாள் முன்பு வீட்டம்மா பெண்கள் படையோடு பார்க்க வந்தார். சாறாள் அக்கா பெருமையோடு போர்வையைக் கொடியில் விரித்துப் போட்டார். கீழ்ப்பாதியில் எஸ்தரின் புறாக்கள் அழகாக நின்றன. மேல்பாதியில் என் புறாக்கள் மல்லாந்து, சிவந்த கால்களை ஆகாயத்துக்கு நீட்டிக்கொண்டு கிடந்தன.

ஒரு கிழவி கேட்டாள்: "இதென்னடீ, மேல உள்ளதெல்லாம் செத்துப்போச்சா?"

"முதலிராத்திரிக்குப் பொணத்தையா போர்த்துவாவ?" என்றாள் இன்னொருத்தி.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "திருப்பிப் போட்டா சரியாயிரும்" என்று பாய்ந்து போய்ப் போர்வையை மேல்கீழாக மாற்றிப் போட்டேன். என் புறாக்கள் எழுந்து நின்றன. எஸ்தரின் புறாக்கள் செத்தன.

பெண்கள் சிரித்த சிரிப்பில் வீட்டம்மாவும் சேர்ந்து சிரித்தார். சிரித்து முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எஸ்தரு, இது வேண்டாம் மக்கா. அறையப் பத்திப் பிறகு பாப்போம்" என்று சொல்லிப் போனார். எஸ்தர் அழவில்லை. என்னைப் பார்த்தாள். அழுதிருந்தால் நின்றிருப்பேன். அந்தப் பார்வைக்கு நிற்க முடியவில்லை. நடந்துவிட்டேன்.

தக்கலையில் ஒரு சோற்றுக் கடையில் உட்கார்ந்தேன். பரிமாறுகிறவன் இலையை நுனி வலப்பக்கம் வரும்படி போட்டான். பக்கத்தில் இருந்த பெரியவர், "லேய், இப்பிடியா இலை போடுவாவ? திருப்பு!" என்றார். அவன் இலையை அரைவட்டம் சுற்றிவிட்டான். நுனி இடப்பக்கம் வந்தது.

அவ்வளவுதான். முழுப் போர்வையைத் திருப்பினால்தானே சனியன்? நடுவே வெட்டி, பாதியை மட்டும் திருப்பினால்? சோறு விழும் முன் எழுந்து ஓடினேன். (அந்தக் கடைத் தீயல் குழம்பு மணம் இன்னும் மூக்கில் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டே ஓடியிருக்கலாம்.) உலகத்தில் யாருக்கும் தோன்றாத யோசனையைச் சுமந்துகொண்டு, வந்த வழியெல்லாம் வியர்த்து, அந்த வாசலில் போய் மூச்சிரைக்க நின்று, "வெட்டணும்! நடுவில வெட்டணும்!" என்று கத்தினேன்.

எஸ்தர் கத்தரிக்கோலோடு தரையில் இருந்தாள். முன்னால் போர்வை இரண்டாகக் கிடந்தது.

"வெட்டியாச்சு" என்றாள். "இதச் சொல்லவா தக்கலை வரைக்கும் போனீரு?"

ஒரு பாதியைச் சுற்றியதில் ஓரத்து நீலக் கரை நடுவுக்கு வந்துவிட்டது. அதை அப்படியே விட்டு, மேலே புதுக் கரை வைத்தோம். கல்யாண வீட்டம்மா பார்த்துவிட்டு, "நடுவில ஆறு ஓடுக மாதிரி வச்சிருக்கா பாரு!" என்று எல்லாருக்கும் காட்டினாராம். சந்தை ரோட்டு அறை கிடைத்தது. கதவு, ஜன்னல், பெஞ்சு எல்லாம் எஸ்தர் நினைத்த இடத்திலேயே வந்தன.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் புருஷன் பெண்டாட்டிச் சண்டை முற்றினால், பிள்ளைகள் நடுவில் வந்து, "சரி, இப்ப யாரு புறா செத்துச்சு?" என்று கேட்பார்கள். "என் புறாதான்" என்பாள் எஸ்தர். "கொடியில் போட்டவர் உன் அம்மா" என்பேன் நான்.

ஆனால் அதெல்லாம் பிறகு. ஓடிப்போய்த் திரும்பிவந்த மறுநாள் காலை, இரண்டு பாதிகளையும் சேர்த்துத் தைக்கும் வேலைக்கு என்னை வைத்துக்கொண்டார்கள். நான் பழைய நினைவில் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தேன்.

"ஏலே, பட்டது போதாதா? இந்தப் பக்கம் வா" என்றார் சாறாள் அக்கா. எஸ்தருக்குப் பக்கத்தில் என்னை உட்கார வைத்து, எங்கள் நடுவில் ஒரு பெரிய ஓலைப் பெட்டியைக் கொண்டுவந்து நட்டார்.

"நூலு இதத் தாண்டலாம். கை தாண்டப்படாது."

நான் ஊசியில் நூல் கோத்தேன்.