பவ்யா மாட்டிய போர்டு

"இந்த வீட்ல நான் இருக்கணும், இல்ல அந்த போர்டு இருக்கணும்!"

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாபு போட்ட சத்தம் தங்க வயலின் மைசூர் மைன்ஸ் தெரு முழுக்கக் கேட்டது. தோசை ஊற்றிக்கொண்டிருந்த மனைவி பவ்யாவுக்கு மட்டும் கேட்கவில்லை.

பெங்களூரில் ஒரு ஸ்பாவில் ஆறு வருஷம் வேலை பார்த்தவள் அவள். தினமும் ரயிலில் போய் வந்து அலுத்துப்போய், வீட்டு முன்னறையிலேயே பார்லர் திறந்தாள். அதுவரை சரி. போன வாரம் வாசலில் மாட்டிய போர்டில்தான் வினை: 'பிகினி ஃபேஷியல் செய்யப்படும். பெண்களுக்கு மட்டும்.'

"ஃபேக்டரியில மானம் போவுது. 'இன்னாப்பா, வீட்டாண்ட பீச் தொறந்துட்டியாமே'ன்னு கூட வேலை பாக்கற நோயல் கேக்கறான். ஃபேஷியல்னா மூஞ்சிக்கு. அங்க ஏதுடி மூஞ்சி?"

"தோல் இருக்குது இல்ல? தொடை இடுக்குல ஷேவ் பண்ணா கொப்புளம், உள்ளயே சுருண்டுக்கிற முடி, கருப்பு, அரிப்பு. வெளிய சொல்ல முடியாம எத்தினி பொம்பளைங்க அவஸ்தப்படறாங்க தெரியுமா? சுத்தம் பண்ணி மாஸ்க் போடறேன். இதுல இன்னாங்க வெக்கம்?"

"கடலே இல்லாத ஊருக்கு எதுக்குடி பிகினி?"

"தங்கமே எடுக்காத ஊரு இன்னும் தங்க வயலாத்தான் இருக்குது. யாராச்சும் கேட்டாங்களா?"

பாபு கடைசி ஆயுதத்தை எடுத்தான். பேத்தமங்களாவில் இருக்கும் அம்மா கங்கம்மாவுக்கு போன் போட்டான். கங்கம்மா தெருவில் நடந்தால் நாய்கூட ஓரம் கட்டும்.

மத்தியானமே பஸ் ஏறி வந்துவிட்டாள். "எங்கடா அவ?"

முன்னறைக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. பாபு வெளியில் நின்று காதைத் தீட்டினான். முதலில் அம்மாவின் அதட்டல். அப்புறம் பவ்யாவின் முணுமுணுப்பு. அப்புறம் ஒரு மணி நேரம் சத்தமே இல்லை. பாவம், அழுகிறாளோ? கொஞ்சம் அதிகமாகத்தான் போய்விட்டோமோ?

கதவு திறந்தது.

"டேய், அந்த போர்டைக் கழட்டு."

ஒரே தாவலில் ஸ்டூல்மேல் ஏறினான். கழட்டினான். பவ்யாவை ஒரு பார்வை பார்த்தான். அவள் அமைதியாகக் கிண்ணம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஒடச்சிடட்டுமாம்மா?"

"கையை ஒடச்சிடுவேன். நாப்பது வருஷமா கழனி வேர்வையில வெந்த எடம்டா, இன்னிக்குத்தான் குளுகுளுன்னு கீது. நாளைக்கு எங்க ஊரு பொம்பளைங்க அஞ்சு பேரு வராங்க. எழுத்து பஸ்ல இருந்து தெரியல, பெரிசா எழுதி மாட்டு!"