நரிக்குடிப் பக்கம் நான் கண்டுபிடித்த சுண்ணாம்புக்கல்

பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தில் “நிறுத்துங்க” என்று சொல்ல வெட்கப்பட்டு, பந்தல்குடி வரை போய்த் திரும்பி நடந்து வந்தவன் நான். அந்தக் கூச்சம்தான் எனக்குக் கிடைக்க இருந்த சர்க்கார் வேலையையும் தின்றது.

அறுபதுகளின் கடைசியில், கல் ஆராய்ச்சிக்கு ஜீப்பில் வந்த ஓர் ஆபீசருக்கு மூட்டை தூக்கினேன். ஐந்தாவது படித்தவன் என்று எனக்குப் பாடமும் நடத்தினார். தண்ணீர் கொண்டுவந்த மண்ணும் மணலும் அடுக்கடுக்காகப் படிந்து இறுகினால் படிவுக்கல். அதில், தேய்த்தால் மணல் உதிர்வது மணற்கல். ஆசிட் சொட்டினால் நுரைப்பது சுண்ணாம்புக்கல்.

“உடைச்சு, உள்பக்கத்துல ஊத்தணும். நரிக்குடிப் பக்கம் நீயே பார்த்து எழுதிட்டு வா. சரியா இருந்தா வேலையை நிரந்தரமாக்கச் சொல்றேன்” என்றார்.

அன்றைக்கே எங்கள் அய்யா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்: “எம் மகன் சர்க்கார் ஆளு!”

பொங்கல் முடிந்து நாலாம் நாள் போனேன். கிணறு வெட்டும்போது வந்த கல்லைத்தான் சுற்றிலும் கட்டியிருப்பார்கள்; அதைப் பார்த்தால் பூமிக்கடியில் என்ன கல் என்று தெரிந்துவிடும். முதல் கிணற்றில் சுத்தியலை ஓங்கினேன்.

“எவன்டா அது, எங் கெணத்த ஒடைக்கிறவன்?” என்று வயலிலிருந்து ஒரு குரல்.

விளக்கம் சொல்ல எனக்கு வாய் ஏது? ஓடினேன். அதற்கப்புறம் சுத்தியல் பையை விட்டு வெளியே வரவில்லை. ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, கல்லின் மேலேயே ரெண்டு சொட்டு. நுரைத்தது! பதினெட்டுக் கிணறு, பதினெட்டிலும் நுரை. எல்லாம் சுண்ணாம்புக்கல் என்று எழுதிக் கொடுத்தேன். (எனக்குச் சிலை வைப்பார்கள் என்றே நம்பினேன்.)

ஆபீசர் தன் மேலதிகாரியையே கூட்டி வந்தார். அய்யாவும் வெளுத்த வேட்டி கட்டி ஜீப்பில் ஏறிக்கொண்டார். மேலதிகாரி கல்லைத் தடவினார், விரல் வெள்ளையானது. உடைத்து உள்ளே சொட்டினார். கல் சும்மா இருந்தது.

“மணற்கல். மேல நுரைச்சது பொங்கலுக்கு அடிச்ச வெள்ளை” என்றார்.

ஆபீசர் என்னைப் பார்த்தார். “வெள்ளையடிச்சிருக்கறது தெரியலையா?”

“தெரிஞ்சது சார்.”

“அப்புறம்?”

“ஒடைக்க வெக்கமா இருந்துச்சு.”

ஜீப்பில் திரும்பினோம். எங்கள் ஊர் பாளையம்பட்டி நெருங்கியதும் அய்யா மெல்லச் சொன்னார்: “இங்கேயே எறங்கி நடந்துருவோம்லே. ஜீப்புல போனா தெருவுல கேப்பாக.”

வேலை போயிற்று. அதற்குப் பிறகு ரோட்டு வேலையில் ஜல்லி உடைத்தே வயது நாற்பத்தைந்தாகிவிட்டது. உடைப்பது என்ன கல் என்று அங்கே யாரும் என்னைக் கேட்டதில்லை. கேட்பவள் என் மனைவி ஒருத்திதான். சோற்றில் கல் கடித்து நான் முகம் சுளித்தால் போதும், பிள்ளைகளைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு ஆரம்பிப்பாள்: “துப்பிறாதீக. என்ன கல்லுன்னு பாத்துச் சொல்லுங்க.”

மணற்கல்தான். சொல்வதில்லை, விழுங்கிவிடுகிறேன்.