கம்பத்தின் மேல் மாப்பிள்ளை

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் மகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம். உங்கள் அத்தையும் சுகம்தான். நான் உங்கள் மனதை நோகடித்த நாளிலிருந்து என்னோடு பேசுவதில்லை, அவ்வளவுதான். போன் செய்தால் மகள் எடுத்து, "அவர் வேலையா இருக்கார்ப்பா" என்கிறாள். ஞாயிற்றுக்கிழமையும் வேலையாக இருந்தீர்கள். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

ரிட்டயர் ஆன மனுஷன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம் என்று, கம்ப்யூட்டரில் அந்த ஊர் கட்டும் விளையாட்டில் என்னைச் சேர்த்தது நீங்கள். ஏழு மாதமாகத் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு நீங்கள் அங்கிருந்தும் நான் இங்கிருந்தும் உள்ளே நுழைந்து ஒரே ஊரைக் கட்டினோம். நீங்களும் உங்கள் ஆபீஸ் நண்பர்களும் ரயிலும் ஆலையும் கண்ணாடித் தோட்டமும் கட்டினீர்கள், கரண்ட் வேலையை என் பொறுப்பில் விட்டீர்கள். எல்லாம் தானாக எரிந்து தானாக அணைய ஏற்பாடு இருக்கிறது என்று நீங்கள் சொல்லச் சொல்ல, கையால் போட்டு அணைக்கிற சுவிட்ச்தான் வேண்டும் என்று அடம்பிடித்தேன். சப்-ஸ்டேஷனில் முப்பத்தொரு வருஷம் ஆபரேட்டராக இருந்தவனுக்குத் தானாக நடக்கிற எதன் மேலும் நம்பிக்கை வராது. பதினான்கு சுவிட்சும் ஒரு மெயினும் வைத்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதி, அதற்கென்று ஓர் அறை கட்டிக் கதவும் போட்டேன். வினை ஆரம்பமானதே இந்த இடத்தில்தான்.

அந்த வியாழக்கிழமை நீங்கள் பெரிய கம்பத்தின் உச்சியில் ஏறிக் கம்பி இழுத்துக்கொண்டிருந்தீர்கள். விளையாட்டில் ஷாக் அடிக்காது என்று நூறு முறை சொல்லியிருக்கிறீர்கள். இருந்தாலும் மெயினை அணைத்தேன். அந்த நேரம் பார்த்து உங்களுக்கு ஆபீஸ் அழைப்பு வந்தது. "இதோ வந்துடறேன் மாமா" என்று டைப் செய்துவிட்டுப் போனவர் வெளியூர் வேலையாகப் போய் ஐந்து நாள் வரவில்லை. போனும் கிடைக்கவில்லை. உங்கள் உருவம் மட்டும் மஞ்சள் தொப்பியோடு கம்பத்தின் மேலேயே நின்றது. விளையாட்டை விட்டு வெளியே போனாலும் உருவம் நின்ற இடத்தில் நிற்கும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் எங்கள் வேலையில், மேலே ஏறினவர் இறங்கி வந்து தன் வாயால் "போடலாம்" என்று சொல்கிற வரைக்கும் சுவிட்சைத் தொடக்கூடாது. சனிக்கிழமை உங்கள் தாடிக்கார நண்பர் விளையாட்டுக்குள் என் சுவிட்ச் அறைக்கு ஓடி வந்தார்.

"சார், இன்னைக்கு இருநூறு பேர் நம்ம ஊரைப் பார்க்க வர்றாங்க. மெயினைப் போடுங்க."

"ஆள் மேல இருக்கார் தம்பி."

"சார், அது பொம்மை."

"என் மாப்பிள்ளைப்பா அது."

அவர் தானே போட்டுவிடுவாரோ என்று பயந்து, கதவுக்குக் குறுக்கே ஒரு சுவர் எழுப்பிவிட்டு உள்ளே உட்கார்ந்துகொண்டேன். ரயில் பாலத்தின் நடுவே நின்றது, விளக்கு வெளிச்சம் இல்லாமல் கண்ணாடித் தோட்டத்துச் செடியெல்லாம் கருகியது, வந்தவர்கள் இருட்டில் ஒருவரை ஒருவர் முட்டிக்கொண்டார்கள், இரண்டு பேர் ஏரியில் விழுந்தார்கள். ஒரு பெண்மணி மட்டும் மின்வெட்டைத் தத்ரூபமாகக் காட்டியிருக்கிறீர்கள் என்று பாராட்டிவிட்டுப் போனார். உங்கள் அத்தை வந்து, "அந்தப் பொம்மை விழுந்தா நான் பிடிச்சுக்கறேன், நீங்க சாப்பிட வாங்க" என்றாள். நான் நகரவில்லை.

செவ்வாய்க்கிழமை நீங்கள் வந்தீர்கள். உச்சியில் நின்றபடியே ஊரைச் சுற்றிப் பார்த்தீர்கள். "ஏழு மாச உழைப்பு மாமா. இனிமே இதைத் திறக்கப்போறதில்ல." அவ்வளவுதான் எழுதினீர்கள். "இறங்குங்க மாப்பிள்ளை, போட்டுடறேன்" என்று நான் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்து முடிப்பதற்குள் போய்விட்டீர்கள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

சாக்குச் சொல்வதாக நினைக்காதீர்கள். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், அவசரத்தில் ஒருமுறை மெயினைப் போடக் கைப்பிடியில் கை வைத்துவிட்டேன். ஜன்னல் வழியே பார்த்தால் கம்பத்தடியில் ஒயர்மேனுடைய செருப்பு கிடக்கிறது. கையை எடுத்துவிட்டேன். அவருக்கு இது தெரியவே தெரியாது. சாயங்காலம் என்னிடம் தீப்பெட்டி வாங்கிக்கொண்டு போனார். இதை உங்கள் அத்தையிடம்கூட நான் சொன்னதில்லை.

ஆனாலும் தப்பு தப்புதான். விளையாட்டையும் வேலையையும் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. உங்கள் நண்பர்கள் முன்னால் உங்களுக்குத் தலைகுனிவு உண்டாக்கிவிட்டேன், மன்னித்துவிடுங்கள். இந்தக் கடிதத்தை முடித்த கையோடு சுவரை இடித்து மெயினைப் போட்டுவிடுகிறேன். பதினான்கு சுவிட்சையும் பிடுங்கிவிட்டு, தானாக எரிவதையே வைத்துவிடலாம். ஆறு மணி ஆனால் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை மாப்பிள்ளை. அந்த ஒரு மணி நேரம் நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள். திரும்பி வாருங்கள்.

நீங்களும் மகளும் நீண்ட ஆயுளோடு, ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,
மாமா.

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் உள்ளே போனேன். சுவரை இடித்தேன். மெயின் பக்கம் போய் அண்ணாந்து பார்த்தால் நீங்கள் இன்னும் மேலேதான் நிற்கிறீர்கள், அங்கே மழை வேறு. மேலே எழுதியதில் மன்னிப்பைத் தவிர மற்றதையெல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். மெயினைப் போடவில்லை, சுவரையும் திரும்பக் கட்டிவிட்டேன். என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு நிமிஷம் வந்து இறங்கிவிட்டுப் போங்கள்.