ஐநூறு அடிக்கு முன்னால்

"மறுபடியும் முந்நூறு அடியிலயே திருப்பிட்டீங்களே, டாக்டர்!"

விமானத்திலிருந்து இறங்கிய பயிற்சியாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். பின்னாலேயே இறங்கிய பல் டாக்டர் ஹெட்போனைக் கழற்றி, வழுக்கையைத் துடைத்தார்.

"இருநூறு அடி முன்னால திருப்பினா என்ன சார் ஆயிடும்?"

"கிளம்பின உடனே என்ஜின் மக்கர் பண்ணினா, நேரா முன்னால ஏதாவது ஒரு வயல்ல இறக்கிடலாம். தாழ்வா சாய்ஞ்சு திரும்பும்போது மக்கர் பண்ணினா, நிமிர்த்தறதுக்குள்ள தரை வந்துடும். நம்ம கிளப்புல ஐநூறுன்னா ஐநூறு. ரெண்டு தேர்வு கோட்டை விட்டாச்சு. சனிக்கிழமையும் விட்டீங்கன்னா பல்லோட நிறுத்திக்குங்க."

விமானம் ஓட்டுவது டாக்டருக்கு அரை டிராயர் போட்ட காலத்திலிருந்து இருக்கும் ஆசை. ஐம்பத்திரண்டு வயதில்தான் கைக்கு எட்டியிருக்கிறது. போதாததற்கு, வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்த நோயாளிகள் எல்லாரிடமும் விமானி ஆகப்போவதாகச் சொல்லி வைத்துவிட்டார். மறுத்துப் பேச அவர்களுக்கு வழியும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மாடிப்படி அவர் கண்ணில் பட்டது. சரியாக ஐந்தாவது படியில் இடதுபக்கம் திரும்பும். படிக்கு நூறு அடி. இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு ஏறத் தொடங்கினார்.

"ஏங்க, அது மூணாவது படி. முந்நூறுதான் ஆச்சு. அதுக்குள்ள ஏன் கையைச் சாய்க்கறீங்க?" சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"நீ பாக்கவே இல்லையே?"

"காலடிச் சத்தம் கேக்குதில்ல. நானூறு... ஐநூறு. இப்பத் திரும்புங்க."

அன்று நாற்பது முறை ஏறினார். நாற்பது முறையும் மனைவி அலுக்காமல் சொன்னாள். செவ்வாயும் வெள்ளியும் தையல் வகுப்புக்குப் போவதைத் தவிர அவளுக்கு வேறு என்ன வேலை என்று டாக்டர் நினைத்துக்கொண்டார். ஆறு மாதமாகப் போகிறாள். அவர் சட்டையில் அறுந்த பட்டன் மட்டும் இன்னும் அப்படியே இருந்தது.

மறுநாள் விமானம் முந்நூறைத் தாண்டியது. டாக்டர் அசையவில்லை. ஐநூறு வந்தது. ஆயிரம் வந்தது. ஊர் முடிந்து ஏரி வந்தது. பயிற்சியாளர்தான் பிடித்துத் திருப்பினார்.

"ஏன் டாக்டர் திரும்பல?"

"யாரும் சொல்லலையே சார்."

"வீட்டுல அவங்க சொன்னாத்தான் திரும்புவீங்களா?"

"இருபத்தாறு வருஷப் பழக்கம் சார்."

பயிற்சியாளர் ஏதோ சொல்ல வாயெடுத்து, இருமி அடக்கிக்கொண்டார்.

டாக்டர் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். மனைவியின் குரலை போனில் பதிவு செய்து, நொடிக் கணக்குப் பார்த்து, ஹெட்போனுக்குள் செருகிக்கொண்டார். ஆனால் வியாழக்கிழமை டாங்க் நிறையப் பெட்ரோல். பயிற்சியாளரும் ஒரு விருந்தை முடித்துவிட்டு வந்திருந்தார். விமானம் முக்கி முனகி முந்நூற்றைம்பதை எட்டுவதற்குள், "ஐநூறு, இப்பத் திரும்புங்க" என்றது போன். டாக்டர் தட்டாமல் திரும்பினார்.

அப்புறம் பயிற்சியாளர் சொன்னதை எழுத முடியாது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டாக்டர் ஐந்தாவது படியில் உட்கார்ந்திருந்தார். "நமக்கு இது கொடுத்து வைக்கல. விட்டுடறேன்" என்றார். கண் கலங்கிவிட்டது.

தையல் வகுப்பிலிருந்து அப்போதுதான் வந்த மனைவி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன். ஊசி போட்டவுடனே பல்லைப் பிடுங்குவீங்களா?"

"அது எப்படி? மரத்துப் போகணுமே. பிடுங்கினா விரலைக் கடிச்சு வச்சிடுவாங்க."

"அவசரமா இருந்தா?"

"தலைபோற அவசரம்னாலும் காத்திருக்கத்தான் வேணும். கன்னத்தைத் தட்டிப் பாத்துட்டுத்தான் இடுக்கியையே கையில எடுப்பேன்."

"ஐநூறு அடியும் அதுதாங்க. அதுவரைக்கும் மரத்துப் போகலைன்னு நினைச்சுக்குங்க. நான் சொல்ல வேணாம், உயரம் காட்டற மீட்டர் சொல்லும்."

டாக்டர் எழுந்து, கையை விரிக்காமல், மாடிக்குப் போய்ப் படுத்துத் தூங்கினார்.

சனிக்கிழமை தேர்வாளர் பக்கத்தில் உட்கார, விமானம் கிளம்பியது. முந்நூறில் டாக்டரின் கை துறுதுறுத்தது. 'இன்னும் மரத்துப் போகல' என்று சொல்லிக்கொண்டார். நானூறு. 'பொறு.' மீட்டரின் முள் ஐநூறைத் தொட்டது. கன்னத்தைத் தட்டுவதுபோல் அதை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, நிதானமாக இடதுபக்கம் திரும்பினார்.

"பாஸ்" என்றார் தேர்வாளர், இறங்கியதும். "ஆனா மீட்டரை ஏன் தட்டினீங்கன்னு புரியல."

ஓடுபாதை வேலிக்கு வெளியே நின்றிருந்த மனைவியிடம் டாக்டர் ஓட்டமும் நடையுமாகப் போனார். பட்டன் இல்லாத சட்டைக்குள் நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

"பாஸாயிட்டேன்! முதல்ல உன்னைத்தான் ஏத்திக்கிட்டுப் போகப்போறேன். பயப்படாம உக்காந்திருந்தாப் போதும். எதையும் தொட்டுடாதே, அதெல்லாம் உனக்குப் புரியாது."

"சரிங்க" என்றாள் மனைவி. அவள் கண்ணும் நனைந்திருந்தது.

அந்த நேரம் பார்த்து, கையில் கிரீஸோடு கிளப் மெக்கானிக் அங்கே வந்தார்.

"மேடம், உங்க லைசென்ஸ் வந்து மூணு வாரமாச்சு. சார் பாஸாகற வரைக்கும் ஆபீஸ் பீரோவுலயே இருக்கட்டும்னு சொன்னீங்களே, இப்ப எடுத்துத் தரட்டுமா?"