ஒன்றும் சொல்லாத பகவதியப்பன்

ரகசியம் காப்பவர்கள் என்று ஓர் இனம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். உளறுவாயர்களைச் சொல்லவில்லை. உளறுவாயர் பாவம், எதைச் சொன்னாலும் ஊர் நம்பாது. ஆகவே அவரிடம் எந்த ரகசியத்தையும் தாராளமாக ஒப்படைக்கலாம். நான் சொல்வது வாயே திறக்காதவரை. போன் வந்தால் எழுந்து மொட்டைமாடிக்குப் போய், தெருவுக்கு முதுகைக் காட்டி நின்று, வாயைக் கையால் பொத்திக்கொண்டு 'ராங் நம்பர்' என்பவர். பேப்பரில் ஒரு செய்தியைப் படித்ததும், அச்சடிக்காமல் விட்ட பாதி தன்னிடம் இருப்பதுபோல மூக்கால் சிரிப்பவர். 'மழை வருமா' என்று கேட்டால்கூட இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, 'இப்போதைக்கு ஒண்ணும் சொல்லதுக்கில்ல' என்பவர். அவர் எதையும் சொல்லமாட்டார். சொல்லாமல் விடவும் மாட்டார்.

வடசேரி பகவதியப்பன் இந்த இனத்தில் உயர்ந்த ஜாதி. அவருக்கு வாய்த்த வேலையும் அப்படி. அணு உலையில் போடுகிற எரிபொருள் வெளிநாட்டுக்குப் போகும்போது, அதை ஏற்றிய லாரிகள் நாகர்கோவிலுக்கு வெளியே ஒரு மதில்கட்டிய யார்டில் நிற்கும். இரும்புப் பெட்டகத்தின் முத்திரை எண்ணும் தாளிலுள்ள எண்ணும் ஒன்றுதானா, முத்திரையை யாராவது தொட்டிருக்கிறார்களா, கதிர்வீச்சு வெளியே கசிகிறதா, சங்கிலி இறுகியிருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது பகவதியப்பன். அதன்பிறகு லாரிகள் களியக்காவிளை தாண்டிக் கேரளத்துத் துறைமுகத்துக்குப் போகும். வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஒரு முத்திரையை மூன்று தடவை தடவிப் பார்ப்பார். நாலாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்ப்பார்.

ஆனால் லாரி புறப்படும் நாளும் நேரமும் வழியும் வெளியே தெரியக்கூடாது. அதற்கு ஒரு உறுதிமொழியில் கையெழுத்து வாங்குவார்கள். இந்தத் தடவை லாரி புறப்பட மூன்று வாரம் இருக்கும்போதே அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார் பகவதியப்பன். வந்ததும் ஜன்னலைச் சாத்தினார். வேறென்ன செய்வார்?

அன்று பார்த்து, அவர் மனைவி தாணம்மாள் ஜாதகக்காரரிடமிருந்து திரும்பியிருந்தாள். மகள் நந்தனாவுக்குத் தக்கலையில் மாப்பிள்ளை முடிவாகியிருந்தது.

"கேட்டியளா, நிச்சயத்துக்கு நாள் குறிச்சாச்சு. பன்னெண்டாம் தேதி, வியாழக்கிழமை."

பகவதியப்பன் முகம் இறுகியது. "அன்னைக்குப் பத்தாது, முடியாது."

"ஏன்?"

"ஏன்னு கேக்கப்பிடாது."

"அப்ப சாயங்காலமா வச்சுக்கிடுவமா?"

அவர் யோசித்தார். பொய் சொல்லவும் அவருக்கு வராது. "நாலு மணிக்குப் பெறவுன்னா ஒண்ணுமில்ல. ஆனா நான் நாலு மணின்னு சொல்லல, கேட்டியா."

சாயங்காலம் ராகுகாலம் இல்லாவிட்டாலும் வேறு ஏதோ ஒரு காலம் இருந்தது. நிச்சயம் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போயிற்று. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் பாறசாலையிலிருந்து மைத்துனன் அனில்குமார் போனில் கூப்பிட்டான். வியாழக்கிழமை நிச்சயம் இல்லாவிட்டாலும், அன்று லீவு போட்டாயிற்று, சேலை எடுக்கவாவது வருகிறேன் என்றான்.

பகவதியப்பன் வழக்கம்போல மாடிக்கு ஏறினார். "வா மக்கா, தாராளமா வா. ஆனா களியக்காவிளை வழி வராண்டாம். ஊரம்பு, கருங்கல்னு சுத்தி வா."

"அது என்னத்துக்கு அத்தான்? பஸ்ஸு இங்கேருந்து நேரே உண்டே."

"என்னத்துக்குன்னு நான் சொல்லப்பிடாது. சுத்தி வா."

பக்கத்து மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள் ஞானபாய். வியாழக்கிழமை நாலு மணிக்கு முன்னால் நிச்சயம் கூடாதென்ற கதையைத் தாணம்மாள் ஏற்கெனவே அவளிடம் சொல்லியிருந்தாள். திருவனந்தபுரத்துக்கு மீன் கொண்டுபோகும் வண்டி இரண்டு அவளுக்கு உண்டு. மீன் வண்டிக்காரிக்கு ரோடு அடைபடுவதைவிடப் பெரிய துக்கம் கிடையாது. வெயிலில் நின்றால் ஐஸ் கரையும், ஐஸ் கரைந்தால் மீன் நாறும்.

"அண்ணாச்சி, வியாழக்கிழமை களியக்காவிளையில என்னமும் உண்டா?"

"ஞானபாய், நான் ஒண்ணும் சொல்லல."

"நாலு மணிக்கு முன்னால எங்க வண்டிய அந்த வழி விடாண்டாம், இல்லியா?"

"நான் ஆமான்னு சொல்லல."

"இல்லன்னும் சொல்லலியே."

பகவதியப்பன் வாயை இறுக்க மூடிக்கொண்டு கீழே இறங்கினார். பாருங்கள், நாள், நேரம், வழி. மூன்றில் ஒன்றையாவது அவர் சொன்னாரா? இல்லை. சொல்லவே இல்லை.

இதற்குள் தக்கலையில் மாப்பிள்ளை வீட்டுக்காரர்களுக்கு மனம் கோணிவிட்டது. பார்த்துக் குறித்த நாளை ஒரு காரணமும் இல்லாமல் மாற்றுவார்களா? பெண்ணுக்கு இஷ்டமில்லையோ? அவள் மனதில் வேறு யாராவது உண்டோ? கேள்விகள் தரகர் வழியாக வந்தன. நந்தனா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாணம்மாள் அழுதாள்.

"அவியளுக்கு ஒரு காரணம் சொல்லுங்க. ஒரு வாக்கு போதும். நாளைக்கு என் பிள்ளையத்தானே ஊரு பேசும்?"

சொல்ல வாயெடுத்தால் உறுதிமொழி, சொல்லாவிட்டால் மகள். அன்று பகவதியப்பன் சாப்பிடவில்லை. சிரிக்காதீர்கள், இந்த இடத்தில் அவரைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வரவில்லை. கையெழுத்துப் போட்ட வார்த்தையைக் காப்பாற்றத்தான் அந்த மனிதர் சோற்றுக்கு முன்னால் அப்படிக் கல்லாக உட்கார்ந்திருந்தார். கடைசியில் சொன்னார்: "தாணம்மா, கல்யாணம் நின்னாலும் நான் சொல்லமாட்டேன்." மனதாரத்தான் சொன்னார்.

மறுநாள் காலையில் மாப்பிள்ளையின் அப்பாவே கூப்பிட்டார்.

"சம்பந்தி, நீங்க ஒண்ணும் சொல்லாண்டாம். எங்களுக்குக் காரணம் தெரிஞ்சிட்டு. எங்க மச்சினனுக்கு மீன் யாவாரம்லா. வண்டிக்காரங்க எல்லாருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமையே வச்சுக்கிடுவோம். இந்த மாதிரி வேலையில இருக்கப்பட்ட ஒரு ஆளு சம்பந்தியா வாறது எங்களுக்குப் பெருமதான்."

பகவதியப்பனுக்கு நெஞ்சு நிறைந்தது. தான் சொல்லாமலிருந்த பலன் என்றே நினைத்தார்.

வியாழக்கிழமை வந்தது. முத்திரைகளை நான்கு தடவை தடவிப் பார்த்து, கையெழுத்துப் போட்டு, முன்னால் போன ஜீப்பில் ஏறிக்கொண்டார். பக்கத்தில், மும்பையிலிருந்து வந்திருந்த பாதுகாப்பு அதிகாரி அம்மா. பிறந்த ஊர் குழித்துறை என்பதால் அந்த ரோட்டை அவருக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். மார்த்தாண்டம் தாண்டியதும் அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். களியக்காவிளை வந்ததும் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார். காய்கறி லாரி இல்லை. மீன் வண்டி இல்லை. சாதாரண நாளில் ஒரு சைக்கிள் நுழைய அரைமணி நேரம் ஆகிற கடைவீதி, ஹர்த்தால் அன்று கிடப்பதுபோல வெறிச்சோடிக் கிடந்தது. ஓரத்தில் ஒரு டீக்கடைக்காரர் மட்டும், கல்யாண ஊர்வலத்தைப் பார்ப்பதுபோலக் கைகட்டி நின்றார்.

"வண்டிய நிறுத்துங்க" என்று இறங்கினார் அதிகாரி. "அண்ணாச்சி, ரோட்டில ஏன் ஆளையே காணோம்?"

"நீங்க வாறீங்கன்னுதான் அம்மா."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. வடசேரியில ஒருத்தரு இருக்காரு, அவரு ஒண்ணும் சொல்லமாட்டேன்னு சொன்னாராம்."

விசாரணை மறுநாள் நடந்தது. அனில்குமார் வந்து, அத்தான் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று சாமி படத்தைப் பார்த்துச் சத்தியம் செய்தான். ஞானபாயும் வந்தாள். "அண்ணாச்சி வாயே தொறக்கல அம்மா. அவிய சொல்லாததெல்லாம் வச்சுத்தான் நாங்க கண்டுபிடிச்சோம்" என்றாள். பகவதியப்பனுக்கு ஆதரவாகப் பேசியதாகத்தான் அவள் எண்ணம்.

அதிகாரி கோப்பை மூடிவைத்தார். பிறகு, "நேத்து போன பெட்டகம் காலி. அது ஒத்திகை. ரகசியம் தங்குதான்னு பாக்கத்தான் அனுப்பினோம்" என்றார்.

"காலியா?" என்றார் பகவதியப்பன். "இது வேற யாருக்குத் தெரியும்?"

"தாள் அடிச்ச சஜிதாவுக்கு மட்டும்."

சஜிதா அவருக்கு அடுத்த மேஜை. காலையில் வந்தது முதல் சாயங்காலம் வரை அயலை மீனுக்கும் சாளை மீனுக்கும் விலை சொல்லி, மாமியாரைத் திட்டி, மண்டைக்காட்டுக் கோயில் கொடைத் திருவிழாவுக்கு எடுத்த வளையலைக் காட்டி, மூச்சு விடாமல் பேசுகிற பெண். 'அந்தப் பிள்ளைட்ட ஒண்ணும் தங்காது' என்று மேலாளரை இரண்டு தடவை எச்சரித்தவர் பகவதியப்பன்.

அவர் எழுந்து அவள் மேஜைக்குப் போனார். "சஜிதா, என்ட்ட ஒரு வாக்கு சொல்லியிருக்கப்பிடாதா மக்களே?"

"நீங்க கேக்கலியே சாரே" என்றாள் அவள். "நெய்மீன் இன்னைக்கு என்ன வெல தெரியுமா?"

வேலை போகவில்லை. அந்த விரல்களைப்போல முத்திரை பார்க்க வேறு ஆள் கிடையாது என்று அதிகாரியே எழுதினார். ஆனால் இனிமேல் லாரி யார்டுக்குள் நுழைந்தபிறகுதான் பகவதியப்பனுக்குச் சேதி போகும். ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம் நன்றாக நடந்தது. நந்தனா சிரித்தாள். தாணம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. பகவதியப்பன் மட்டும் பந்தலில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர் முகத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. 'சாப்பிட்டியளா' என்று மட்டும் கேட்டார்கள். சாப்பிட்டேன் என்று உடனே சொல்லிவிட்டார். அவ்வளவு வெளிப்படையாக அவர் பேசி அதுவரை ஊர் கேட்டதில்லை.

சரி, உங்களிடம் வருகிறேன். இதைப் படிக்கும்போது உங்களுக்குத் தெரிந்த ஒருவரின் முகம் மனதில் வந்திருக்குமே? 'நம்ம ஆள் ஒருத்தரைப் பற்றி எழுதியிருக்கிறான், யாரென்று நான் சொல்லமாட்டேன்' என்று யாருக்காவது அனுப்பலாமென்று தோன்றியதா? சும்மாதான் கேட்டேன். நீங்கள் பதில் சொல்ல வேண்டாம். தெரிந்துகொண்டேன்.