ஒரு சீட்டுக்கு இரண்டு மொட்டை

சாமியிடம் வேண்டிக்கொள்வதற்கு முன்னால் வீட்டில் இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை பேசிவிடுவது நல்லது. முடியாவது மிஞ்சும்.

அப்போது நான் திருத்தணியில், உள்ளூர்க் கல்லூரியில் பி.காம். முதலாண்டு முடித்திருந்தேன். நல்ல மார்க். அந்தத் திமிரில், சென்னையில் பெயர்பெற்ற கல்லூரி ஒன்றில் இரண்டாமாண்டுக்கு மாற்றல் கேட்டு விண்ணப்பித்தேன். ஹாஸ்டலும் வேண்டும் என்று கெத்தாக எழுதியிருந்தேன். (எப்படியும் கிடைக்காது என்ற தைரியம்தான்.) நேர்முகத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். போனேன். கல்லூரி வராந்தாவில் ஒரு பெண் ஆங்கிலத்தில் ஏதோ வழி கேட்டாள். நான் "தேங்க்யூ" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்துவிட்டேன். நமக்குத் திருத்தணியே போதும் என்று அந்த வராந்தாவிலேயே முடிவு செய்தேன்.

வீட்டில் அதை எப்படிச் சொல்வது? நைனா (எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) விசைத்தறி ஓட்டுபவர். தறிச் சத்தத்தையும் மீறித் தெரு முழுக்கச் செய்தியைச் சொல்லி முடித்திருந்தார். ஹாஸ்டலுக்கென்று சக்கரம் வைத்த பெட்டி வேறு வாங்கிவிட்டார். எங்கள் தெருவின் மேடுபள்ளத்தில் சக்கரம் உருளவில்லை, தலையில் சுமந்து வந்தார். அந்த முகத்தைப் பார்த்து, போகமாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரைவிட அதிகமாகக் குதித்தேன். தனியாக இருக்கும்போது மட்டும் மலையைப் பார்த்துக் கும்பிட்டேன். முருகா, சீட்டு கிடைக்காமல் பண்ணு, மொட்டை போடுகிறேன்.

முருகன் உடனே கேட்டுவிட்டார். இடமில்லை என்று கல்லூரி அலுவலகத்திலிருந்து போன் வந்தது. நான் முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தேன். நைனா என்னைவிட நன்றாகத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார். அம்மாதான் பாவம், இரண்டு பேரையும் தேற்றினாள்.

மறுநாள் காலையில் நைனா, கனகம்மாசத்திரத்தில் ஒருவரைப் பார்க்க வேண்டும் என்று கிளம்பினார். நான் மணவூரில் சினேகிதன் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மலையேறினேன். மொட்டைக்குக் காரணம் கேட்டால் வெயில் என்று சொல்வதாக ஏற்பாடு. (அந்த வயதில் மூளை அவ்வளவுதான் ஓடியது.)

மொட்டை போடும் மண்டபத்தில் தலையைக் குனிந்து உட்கார்ந்தேன். ஒரு பக்கம் வழித்தாகிவிட்டது. அப்போது பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"மீசைய வுட்டுடுப்பா. வூட்ல கேப்பாங்க."

தலை மொத்தமும் போனபிறகு மீசைக்குக் கவலைப்படும் அந்தக் குரல் எனக்கு நன்றாகவே தெரிந்த குரல். நிமிர்ந்தேன். நைனாதான். கனகம்மாசத்திரம் போனவர் முழு மொட்டையாக உட்கார்ந்திருந்தார்.

"நீ இன்னாடா இங்க?" என்றார்.

"நீ இன்னா நைனா இங்க?" என்றேன்.

 அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. அம்மா. யாரோ ஒரு பையன் விலகிவிட்டானாம், சீட்டு எனக்காம், நாளைக்கே வந்து சேர வேண்டுமாம். நைனா அதைக் கேட்டு என்னிடம் சொன்ன விதத்தில் ஒரு துளி சந்தோஷம் இல்லை.

நாவிதர் கத்தியைத் தூக்கிப் பிடித்தபடி, மிச்சத்தை எடுப்பதா வேண்டாமா என்று என்னைக் கேட்டார். எடுக்கச் சொன்னது நைனாதான்.

குளித்துச் சந்தனம் பூசிக்கொண்டு படியில் உட்கார்ந்தோம். நைனாதான் ஆரம்பித்தார்.

"உனக்கு சீட்டு கெடைக்கக் கூடாதுன்னு வேண்டிகினேன்டா. நீ ஹாஸ்டலுக்குப் பூட்டீன்னா வூட்ல எனக்கு யார் கீறாங்க பேசறதுக்கு? நீ ஆசையா கீறியேன்னு வாயத் தொறக்கல."

 நானும் அதற்குத்தான் வேண்டிக்கொண்டேன் என்று சொன்னேன். அங்கே எல்லாரும் இங்கிலீஷ் பேசியதைச் சொன்னேன். அந்தத் தேங்க்யூவையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"பயமா, புடிக்கலயா?" என்று மட்டும் கேட்டார்.

யோசித்தேன். பிடிக்காமல் இல்லை. அந்த நூலகத்தை எட்டிப் பார்த்துவிட்டு வாயை மூட மறந்தவன் நான். பயம்தான் என்றேன்.

"எனக்கும் அதாண்டா," என்றார்.

வீட்டில் அம்மா இரண்டு தலைகளையும் மாறிமாறிப் பார்த்தாள். முழுக்கதையையும் கேட்டாள். "மெட்ராசுக்குத்தான் தெனமும் ரயில் போய்கினு வந்துகினு கீதே. காலைல போய்ட்டு சாயங்காலம் வந்தா ஆவாதா? இதுக்கா ரெண்டு பேரும் தலையக் குடுத்தீங்க?"

ஆகும்தான். எங்கள் வீட்டிலிருந்து ரயில் சத்தம் கேட்கும். ஹாஸ்டல் எனக்கு ஆசை என்று அவரும், அவருக்கு ஆசை என்று நானும் நினைத்துக்கொண்டதில், அந்தச் சத்தம் இருவர் காதிலும் விழவே இல்லை.

மறுநாள் சேரப் போனோம். எங்கள் தலைகளைப் பார்த்த அலுவலர், வீட்டில் ஏதாவது துக்கமா என்று மெதுவாக விசாரித்தார். "அதெல்லாம் இல்லீங்க," என்றார் நைனா. "நல்ல விஷயம்தாங்க." ரயிலிலேயே போய்வந்து படிப்பை முடித்தேன்.

அதற்குப் பிறகு நான் சரி என்று சொன்னால் எங்கள் வீட்டில் யாரும் நம்புவதில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில், பிடித்திருக்கிறது என்றேன். நைனா என்னைத் தனியாகக் கூட்டிப்போய், "நெசமாவா, எனக்கோசரமா?" என்று கேட்டார். தறி ஓட்டியவரின் ரகசியக் குரல், உள்ளே காபி ஆற்றிக்கொண்டிருந்த பெண் வரைக்கும் கேட்டுவிட்டது. கல்யாணம் ஆனதும் அவள் முதல் வேலையாக மாமியாரிடம் கதையைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

நேற்று குழம்பு பிரமாதம் என்றேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "மலைக்கு எப்போ போறீங்க?" என்றாள்.